ஒரு 'மா'வை வைத்து உறவு கொண்டாடலாமா?

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

பத்திரிகைகளின் மொழிப் பக்கங்களிலும், அவற்றைப் படம்பிடித்து அனுப்பும் வட்சப் குழுக்களிலும் ஒரு வகைக் குறிப்பு அடிக்கடி வருகிறது. சீனத்தில் குதிரை 'மா', தமிழிலும் குதிரை 'மா'. பின்லாந்துக்காரருக்கு நிலம் 'மா', தமிழிலும் நில அளவை 'மா'. ஆகவே உலக மொழிகள் எல்லாம் தமிழின் பிள்ளைகள் என்று அது முடியும். பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் இதை மனனம் செய்து ஒப்புவிக்கிறார்கள். தமிழின் பழமையில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குச் சாட்சியாக இந்த 'மா'வைக் கூண்டில் ஏற்றினால் முதல் குறுக்கு விசாரணையிலேயே சாட்சி விழுந்துவிடும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் எங்கள் வீட்டு 'மா'வைப் பார்ப்போம். அது ஒரு சொல் அல்ல. ஒரே ஒலிக்குள் குடியிருக்கும் பல சொற்கள். வன்னியில் கடைக்குப் போய் மா என்று கேட்டால் கோதுமையா, அரிசியா, குரக்கனா என்று திருப்பிக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் அதே பொருளுக்கு 'மாவு' என்பார்கள். அடுத்தது மாமரம். அதற்கடுத்து விலங்கு, குறிப்பாகக் குதிரையும் யானையும். பிறகு 'பெரிய' என்ற பொருள். கடைசியாக இருபதில் ஒன்று என்ற பின்னம்.

இவை வெவ்வேறு சொற்கள் என்பதற்கு அகராதியைக்கூடத் திறக்கத் தேவையில்லை, புணர்ச்சியே காட்டிக்கொடுக்கும். மரத்தின் பெயர் அடுத்த சொல்லோடு சேரும்போது அந்தச் சொல்லின் முதலெழுத்துக்கு இனமான மெல்லெழுத்து நடுவில் வரும்: மாங்காய், மாஞ்சோலை, மாந்தோப்பு, மாம்பழம். அரைத்த மாவானால் வல்லெழுத்து இரட்டிக்கும்: விஞ்ஞானப் பாடத்தில் அயடீன் விட்டுச் சோதிக்கும் மாப்பொருள். 'பெரிய' என்ற மாவானால் இரண்டும் இல்லை: மாபெரும், மாகடல். மாம்பழம், மாப்பொருள், மாபெரும் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். வெளிமொழிச் சொல்லோடு ஒப்பிட வருபவர் இதில் எந்த 'மா'வைக் கையில் பிடித்திருக்கிறார் என்று முதலில் சொல்லவேண்டும். குதிரைக்கு ஒரு மா, நிலத்துக்கு இன்னொரு மா, தாய்க்கு வேறொரு மா என்று தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டால் எந்த மொழியும் பொருந்தத்தான் செய்யும்.

நிலத்து மாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது 'நிலம்' என்ற பொருளுடைய சொல்லே அல்ல. இருபது மா ஒரு வேலி, நாலு காணி ஒரு மா. காணி என்பது எண்பதில் ஒன்று. இன்று காணிக் கந்தோருக்கு உறுதியோடு அலைகிறவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் ஒரு பின்னத்தைச் சுமந்து திரிவது தெரியும்? மா பழைய அளவை என்பதற்குப் புறநானூற்று 184ஆம் பாட்டே போதும். ஒரு மாவுக்குக் குறைந்த நிலத்தின் நெல்லும் அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் காணும், யானை தானாகப் புகுந்தால் நூறு வயல் இருந்தாலும் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம் என்கிறது அது. அரசனுக்கு வரி வாங்கும் முறையைச் சொன்ன பாட்டு. யானை வேலி ஓரத்துக் கமக்காரர் அதை வெறும் உவமையாகப் படிக்கமாட்டார்கள்.

ஓரெழுத்துச் சொல் ஏன் இப்படி ஊரெல்லாம் ஒத்துப்போகிறது? நன்னூல் தமிழில் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று கணக்கிடுகிறது. மகர வரிசையில் நெடில் ஏழு. அதில் மா, மீ, மூ, மே, மை, மோ என்ற ஆறும் சொற்கள், மௌ ஒன்றுதான் காலி. மற்ற மொழிகளிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். குறுகிய அசைகள் எண்ணிக்கையில் கொஞ்சம், சொல்லவேண்டிய பொருளோ ஏராளம். ஆகவே 'மா' என்ற அறை எந்த மொழியிலும் அனேகமாக நிரம்பியிருக்கும். பிரெஞ்சில் அது பெண்பால் பெயருக்கு முன் வரும் 'என்'. இத்தாலியத்தில் 'ஆனால்'. ஹங்கேரியத்தில் 'இன்று'. போலந்து மொழியில் 'வைத்திருக்கிறார்'. பாரசீகத்தில் 'நாங்கள்', யப்பானியத்தில் 'இடைவெளி', மாவோரியில் 'வெள்ளை', சமஸ்கிருதத்தில் 'செய்யாதே' என்று தடுக்கும் சொல், இலக்கியச் சிங்களத்தில் 'நான், என்னை'. மன்னார்ப் பக்கம் முஸ்லிம்கள் சொல்லும் 'மாஷா அல்லாஹ்'வில் வரும் மா 'எது' என்ற அரபுச் சொல். அரபில் தண்ணீருக்கும் கிட்டத்தட்ட அதே ஒலிதான், ஆனால் முடிவில் தொண்டையை ஒரு கணம் அடைக்கவேண்டும். இத்தனையில் ஒன்றிரண்டு நம் பொருளோடு முட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் 'பாட்' என்றாலும் கெட்டது. அவை இரண்டும் தூரத்து உறவு மொழிகளாக இருந்தும் இந்தச் சொற்களுக்கு இடையே தொடர்பு இல்லை.

அடுத்த குழி, சுரம். சீனம், தாய்லாந்து மொழி, வியட்நாமியம் ஆகியவற்றில் குரலின் ஏற்ற இறக்கம் மெய்யையும் உயிரையும் போலச் சொல்லின் ஓர் உறுப்பு. சீனத்தில் மட்டமான உயர்குரலில் சொன்னால் தாய், ஏறுகுரலில் சணல், தாழ்ந்து எழுந்தால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டுவது. தாய்லாந்தில் வருவதும் குதிரையும் நாயும் மூன்று சுரத்து மாக்கள். வியட்நாமியத்தில் ஆறு சுரம்: சமகுரலில் பேய், ஏறுகுரலில் தாய் அல்லது கன்னம், இறங்குகுரலில் 'ஆனால்', பாரமாக அழுத்தி வெட்டினால் நாற்றுமேடை நெல் நாற்று. நெல் நாட்டார் இரண்டு பேருக்கும் நாற்று முக்கியம் என்பதற்காக அதை நம் மாவோடு முடிச்சுப் போடமுடியாது. தமிழில் 'வா' என்பதைக் கோபமாகச் சொன்னாலும் கொஞ்சிச் சொன்னாலும் வருகைதான். ஆகவே நம் காது சுரத்தைக் கழித்துவிட்டுக் கேட்கிறது. கழித்ததை அப்படியே அச்சிலும் போட்டால் நாலு சீனச் சொல் ஒன்றாகிவிடுகிறது.

சரி, குதிரை மாத்திரம் பொருந்துகிறதே என்பார்கள். இங்கேதான் இரண்டாவது சோதனை: இன்றைய வடிவத்தை விட்டுப் பழைய வடிவத்தைப் பார்க்கவேண்டும். பழஞ்சீனத்தை மீட்டெடுத்த ஆய்வாளர்கள் குதிரைச் சொல்லில் மகரத்தின் பின்னால் ஒரு ரகரம் இருந்ததாகக் காட்டுகிறார்கள். மங்கோலியக் குதிரை இன்றும் 'மோரி'. நம் மாவில் எந்தக் காலத்திலும் ரகரம் இல்லை. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் நெருங்குவதற்குப் பதில் விலகுகின்றன. உறவு என்றால் எதிர்மாறாக நடக்கவேண்டும்.

கொரிய நாடகங்கள் வந்தபின், கொரியத்திலும் தமிழிலும் ஒன்றாக இருக்கும் சொற்கள் என்று இன்னொரு பட்டியல் கிளம்பியிருக்கிறது: அப்பா, நாள், புல். கொரிய–திராவிட ஒப்பீடு புதிதல்ல, கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே ஒரு நூலாகப் போட்டார். அதை மொழியியல் ஏற்கவில்லை. கொரியப் 'புல்'லை எடுங்கள். 1446இல் கொரிய எழுத்து வெளியான பின்னர் எழுதப்பட்ட பழைய நூல்களில் அந்தச் சொல்லில் உகரமே கிடையாது, உதடு குவியாத, நம் குற்றியலுகரம் போன்ற ஓர் உயிர்தான் இருக்கிறது. உகரம் பிற்காலத்தில் பகர மகரங்களின் பக்கத்தில் நின்றதால் வந்தது.

தாய்க்கு வரும் மாவை இதிலிருந்து தனியே வைக்கவேண்டும். பால் குடிக்கும் குழந்தை உதட்டை மூடியபடி மூக்கால் முனகும். வாயைத் திறந்தால் அது 'மா' ஆகிவிடும். பெற்றவர்கள் அதைத் தங்களை அழைப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று மொழியியலாளர் ரோமன் யாகோப்சன் விளக்கினார். எடுத்துக்கொள்வதில் ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. ஜோர்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தகப்பன், தாய்க்கு 'தெதா'.

சொல்லை வெட்டும் இடத்திலும் பிழை நடக்கிறது. சீனத்தில் கேள்வி வாக்கியத்தின் முடிவில் 'மா' வரும், நாமும் 'வருமா?' என்கிறோம், பாருங்கள் என்கிறார்கள். நம் வினா எழுத்து 'ஆ' மட்டும். வரும் + ஆ, வந்தாய் + ஆ, போனான் + ஆ. மகரம் வினைமுற்றுக்குச் சொந்தம், கேள்விக்கு அல்ல.

இவ்வளவும் மறுப்பு. மெய்யான தொடர்பு எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் மாமரமே நல்ல சாட்சி. ஆங்கிலத்தின் 'மாங்கோ' போர்த்துக்கேயரின் 'மாங்க'விலிருந்து வந்தது. அவர்கள் 1498இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தவர்கள். அவர்கள் எடுத்தது மலையாளத்திலும் தமிழிலும் வழங்கிய மாங்காயை. மலாயிலும் 'மங்கா'தான். இதில் பாருங்கள், மா என்ற சொல்லில் ஙகரம் இல்லை. காயோடு புணரும்போது மட்டும் பிறக்கும் ஙகரம் அது. அந்தப் புணர்ச்சி எழுத்து கப்பலேறி லண்டன் வரை போயிருக்கிறது. எந்த மொழியிலிருந்து எடுத்தது என்பதற்கு இதைவிடக் கைரேகை வேண்டாம்.

எதிர்ப்பக்கமாக ஒன்று: வெதுப்பகத்தில் வாங்கும் பாண். யப்பானியரும் அதைப் 'பான்' என்கிறார்கள், பொருளும் அதுவே. ஒலியும் பொருளும் இவ்வளவு ஒத்தும் நாம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை, அவர்கள் நமக்கும் தரவில்லை. 1505இல் இலங்கைக்கும் 1543இல் யப்பானுக்கும் வந்த போர்த்துக்கேயர் இரண்டு இடத்திலும் இறக்கிவிட்டுப் போன சொல். சங்க இலக்கியத்துப் 'பாண்' பாட்டு. பாணர் பாடியதற்கும் பாணுக்கும் தொடர்பு இல்லை.

இரத்த உறவு இன்னும் வேறு மாதிரி. அங்கே சொற்கள் ஒரே மாதிரி ஒலிக்கவேண்டிய கட்டாயம் இல்லை, ஒரே ஒழுங்கில் மாறியிருக்கவேண்டும். தமிழில் சொல்லின் முதலில் பகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம்: பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பத்து–ஹத்து, பூ–ஹூவு. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அங்கேயும் பகரம்தான். தெலுங்கில் 'மா' என்றால் கேட்பவரைச் சேர்க்காத 'எங்கள்'. அதன் உடன்பிறப்பு நம் மாக்கள் எதுவும் அல்ல, 'எம்'! காதுக்கு ஒத்தது அந்நியமாகவும் ஒவ்வாதது உறவாகவும் முடிகிறது.

வெளிநாட்டுக்குப் போகாமலே இந்தக் குழப்பத்தைப் பார்க்க ஏ9 வீதிப் பலகைகள் போதும். ஆங்கில எழுத்தில் மாங்குளம் என்று எழுதினால் மண்குளம், மான்குளம், மாங்குளம் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். குளமும் குலமும் வேறுபாடில்லை. சிங்கள எழுத்தில் நெடிலும் ளகரமும் உண்டு, கவனமாக எழுதினால் இரண்டு வேறுபாடும் காப்பாற்றப்படும். எழுத்து வடிவை நம்பினால் அந்த ஊர் மாமரக் குளம்தான். ஆனாலும் பேச்சில் மான்குட்டி 'மாங்குட்டி' ஆவது உண்டு. ஆகவே பழைய உறுதிகளிலும் வரைபடங்களிலும் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ஊர்ப்பெயரில் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது பெரிதல்ல. சொல்லொற்றுமைக் குறிப்பு வந்தால் அச்சுக்குக் கொடுக்குமுன் அனுப்பியவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். தமிழில் எந்த 'மா'? இரண்டு பக்கமும் பழைய வடிவம் என்ன? இதே ஒலிமாற்றத்தில் இன்னும் ஐந்தாறு சோடிகள் உண்டா? இல்லையென்றால், எவர், எந்த வழியால், எப்போது கொண்டுபோனார்? தமிழ்ப் பக்கத்தைச் சரிபார்க்க 1924 முதல் 1936 வரை வெளியான சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும், பரோவும் எமனோவும் செய்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் சிகாகோ பல்கலைக்கழக இணையத்தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன, கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். சீனச் சொல் போடும்போது பக்கத்தில் சுரத்தின் இலக்கத்தையாவது சேருங்கள்: மா1, மா2, மா3, மா4. அதற்குப் புதிய எழுத்துரு எதுவும் தேவைப்படாது.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள் சிலர்,
மாங்குளம்.