குமாஸ்தா நாற்காலிக்கு ஏன் இவ்வளவு அடிதடி?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முதல் உலகப் போர் நடக்கும்போது அயர்லாந்துக்காரர்கள் ஒரு கோர்ட் குமாஸ்தா வேலைக்கு மல்லுக்கட்டினார்களா என்று சிரித்திருந்தாய். சம்பளத்தை விடு, ஓட்டு யார் கையில் என்று பார்.

அந்தக் காலத்தில் அங்கே பெட்டி செஷன்ஸ் என்ற சிறுவழக்குக் கோர்ட்டில், சம்பளம் வாங்கும் ரெசிடென்ட் மாஜிஸ்திரேட்டோடு ஊர்ப் பெரியவர்கள் கௌரவ மாஜிஸ்திரேட்டுகளாக உட்காருவார்கள். 1858-ஆம் ஆண்டுச் சட்டப்படி குமாஸ்தாவை நியமிப்பது இவர்கள்தான். அயர்லாந்தில் பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியான வைசிராய் ஒப்புக்கொண்டால் போதும். வருஷம் முழுக்கக் கோர்ட் வாசலை மிதிக்காதவரும் குமாஸ்தா தேர்வன்று வந்து ஓட்டுப் போடலாம். வம்பு அங்கேதான். சம்மன் எழுதுவது, ஸ்டாம்பு விற்பது, பதிவேடு வைப்பது, நாய் ஒன்றுக்கு 2 ஷில்லிங் வாங்கி லைசென்ஸ் தருவது எல்லாம் குமாஸ்தா வேலை. ஆட்டுக்குக் காவல்நாய் வைத்திருக்கும் எவனும் அவரைத் தாண்டிப் போக முடியாது!

சரி, அந்த மாஜிஸ்திரேட்டுகளை யார் போடுவது? அயர்லாந்தின் தலைமை நீதித்துறை அதிகாரியான லார்ட் சான்சலர்; பெரும்பாலும் மாவட்டத்தில் மன்னரின் பிரதிநிதியான லெப்டினன்ட் தரும் பட்டியலிலிருந்து. 1898-க்குப் பிறகு ஊரக மாவட்டக் கவுன்சில் தலைவர்கள் பதவி வழியாகவே பெஞ்சுக்கு வந்தார்கள். மற்றவர்களுக்குச் சிபாரிசு வேண்டும். 1915-இல் லண்டனில் கூட்டணி அரசு அமைந்தபோது, பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற யூனியனிஸ்ட் கட்சியின் ஜேம்ஸ் கேம்ப்பெல்லை அயர்லாந்தின் சான்சலராக்கப் பார்த்தார்கள். அயர்லாந்துக்குச் சுயாட்சி கேட்ட கட்சியின் தலைவர் ரெட்மண்ட் விடாமல் எதிர்த்துத் தடுத்துவிட்டார். கட்சிக் கௌரவம் ஒரு பங்கு; ஒவ்வொரு ஊர் பெஞ்சையும் நிரப்பும் பேனா அந்த மேஜையில் இருந்தது இன்னொரு பங்கு என்பது என் கணிப்பு. 1918-இல் கேம்ப்பெல் எப்படியும் அங்கே வந்து உட்கார்ந்தார்.

அதற்குள் காற்று மாறிவிட்டது. 1920-இல் மாஜிஸ்திரேட்டுகள் கும்பல் கும்பலாக ராஜினாமா செய்ய, விடுதலை கேட்டவர்கள் அமைத்த அயர்லாந்து நாடாளுமன்றமான டாயிலின் கோர்ட்டுகள் எழுந்தன. அவற்றில் கீழ்நிலையான, தேவாலயப் பங்கு (பாரிஷ்) அளவிலான கோர்ட்டில் மூன்று நீதிபதிகள், 10 பவுண்டுக்கு உட்பட்ட வழக்குகள். பெண்களும் நீதிபதியானார்கள், டப்ளினில் கேத்லீன் கிளார்க் ஒருவர். ஆனால் தேர்ந்தெடுத்தது உள்ளூர் மாநாடு. விடுதலைக் கட்சியான ஷின் ஃபேன் கிளை, அதன் பக்கம் நின்ற ஆயுதத் தொண்டர் படை ஆட்கள் நிறைந்த கூட்டத்தில் கட்சி சாராதவன் குரல் எவ்வளவு எடுபடும்? பழைய வியாதி, புதிய சட்டை.

குமாஸ்தா முக்கியத்துவம் மட்டும் குறையவில்லை. 1920 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசின் ஒழுங்கு மீட்புச் சட்டம் வந்ததும் டாயில் கோர்ட்டுகள் ஒளிந்து நடந்தன. போலீஸ் கையில் சிக்காமல் பதிவேட்டைக் காப்பதே பெரும்பாடு. 1923-இல் அந்தக் கோர்ட்டுகளை மூடச் சட்டம் வந்தபோது, பழைய தீர்ப்பைச் செல்லுபடியாக்கப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. காகிதம் இல்லாதவன் பாடு திண்டாட்டம்தான்.

அன்புடன்,
உன் நண்பன்