செங்கல் ஆர்ச்சும் நம்ம கீழணையும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். குறுவை அறுப்பு முடிந்தது.

நீ அனுப்பிய லண்டன் பெர்மாண்ட்சி ரயில் பாலத்துப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மதகும் ஷட்டருமாகத் திரிந்தவன் நான். செங்கல்லைக் கண்டால் ஈரம் எங்கே என்றுதான் கண் தேடும். ஆர்ச்சுக்கு அடியில் பீர் காய்ச்சுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அம்மாவிடம் காபிக் கடை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

லண்டனுக்கு வந்த முதல் ரயில் பாதை அது. லண்டன் பிரிட்ஜிலிருந்து கிரீன்விச் வரை 878 வளைவுகள். தரையில் போட்டிருந்தால் தெருவுக்குத் தெரு கேட் வைக்க வேண்டியிருக்கும், அதனால் தூக்கிக் கட்டினார்கள். லேண்ட்மன் என்ற இஞ்சினியரின் வேலை. வளைவுகளுக்குள் வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்று டெட்ஃபோர்டில் மாதிரிக்குக் கட்டியும் பார்த்தார்கள். மேலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஒழுகாமல் இருக்குமா?

முதல் ரயில் ஓடியது 1836. நம்ம அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார இஞ்சினியர் கீழணை கட்டியதும் அதே வருஷம்தான். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடம்தான் கற்றோம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அப்புறம் நடந்ததில்தான் வித்தியாசம். அங்கே கூட்டம் பெருகப் பெருக, பழைய வளைவுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக் கட்டி அகலமாக்கினார்கள்; இன்றைக்கும் மேலே ரயில் ஓடுகிறது, கீழே கடை நடக்கிறது. இங்கே 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையின் 9 ஷட்டர்கள் ராத்திரியில் ஆற்றோடு போயின. அதுவும் காட்டன் காலத்துக் கட்டுமானம்தான். புராதனச் சின்னம் என்று போர்டு மாட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கட்டுமானத்தில் முளைக்கும் அரசங்கன்றைச் சின்னதிலேயே பிடுங்க ஆள் இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி. வேர் காரைக்குள் இறங்கிவிட்டால், அப்புறம் எவ்வளவு சிமெண்ட் பூசினாலும் வீண்.

உன் இரண்டாவது படத்தில் வளைவின் நெற்றியில் ஊதாப் பூச்செடி ஒன்று எட்டிப் பார்க்கிறது. அதற்குக் கீழே செங்கல்லில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் ஒரு நடை போய், பழைய வளைவும் ஒட்டுக் கட்டுமானமும் சேரும் இடத்தை அடியிலிருந்து படம் எடுத்து அனுப்பு. கிட்டே போய் எடு. டார்ச் அடித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா
திருப்பனந்தாள்