டிரக்கைத் தூக்குவார்கள், டிரெய்லரை?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் "ரோட்சைட் அசிஸ்டன்ஸ் எதை எடுக்கலாம், ஒரே வரியில சொல்லுங்கப்பா" என்று கேட்டாய், வண்டி நடு ரோட்டில் நின்றுபோனால் வந்து உதவுகிற திட்டத்தைத்தான். நானும் ஏதோ ஒரு வரி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். எல்லாத் திட்டத்திலும் எத்தனை மைல் இழுத்துப்போவார்கள் என்ற எண்ணுக்கு அடியில்தான் கோடு போட்டிருக்கிறாய். பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுக்கிற முதல் கேம்பிங் டிரெய்லரை வாங்கியபோது நானும் அதைத்தான் பார்த்தேன். நூறு மைல் என்று போட்டிருந்தது. போதும் என்று அந்தத் திட்டத்தின் கார்டை பர்ஸில் செருகிக்கொண்டேன்.

நீ காலேஜில் இருந்தபோது நானும் அம்மாவும் ஐ-40 நெடுஞ்சாலையில் டெக்ஸாஸின் அமரில்லோவைத் தாண்டி டுகும்காரி பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். வாட்டர் பம்ப் போய்விட்டது. டெம்பரேச்சர் முள் சிவப்பில் நிற்கிறது, கூலன்ட் தாரில் கோடாக வழிகிறது. ஒன்றரை மணி நேரம் கழித்து, வண்டியை முதுகில் ஏற்றிப்போகிற பிளாட்பெட் லாரி வந்தது. டிரைவர் நல்ல பையன். டிரக்கை மேலே ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தான். "இது என் ஆர்டரில் இல்லையே" என்றான். போன் போட்டுக் கேட்டால், கார்டு டிரக்குக்கு மட்டும்தான், டிரெய்லருக்குத் தனியாகப் பணம் கட்டுங்கள் என்கிறார்கள். அம்மா டிரெய்லர் படியில் உட்கார்ந்துகொண்டு, "நான் இங்கேயே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். பதினெட்டு சக்கர லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் டிரெய்லர் ஆடுகிறது. அங்கே அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போக? கைக்காசு கொடுத்து இன்னொரு வண்டியை வரவழைத்தோம். அது வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. நீ பயப்படுவாய் என்று இதை உனக்குச் சொல்லவே இல்லை.

அதனால் எந்தத் திட்டமானாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: டிரக் நின்றுபோனால் டிரெய்லரையும் சேர்த்துக் கொண்டுபோவீர்களா? அதை ஒரே அழைப்பாக எடுத்துக்கொள்வீர்களா, இரண்டாகவா? வருஷத்துக்கு நான்கு அழைப்பு என்று அளவு வைத்திருக்கும் இடத்தில் ஒரே மத்தியானத்தில் இரண்டு போய்விட்டால் பாதி காலி.

டிரிபிள்-ஏ (AAA) என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 1902-ல் சிகாகோவில் ஆரம்பித்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அது பல வட்டாரக் கிளப்களின் கூட்டமைப்பு, விதிகள் கிளப்புக்குக் கிளப் கொஞ்சம் மாறும். பொதுவாக அவர்களுடைய பிளஸ் கார்டு என்றால் 100 மைல், அதற்கு மேலான பிரீமியரில் வருஷத்தில் ஒரு தடவை 200 மைல் வரை. ஆனால் வெறும் பிளஸ் கார்டை நம்பி டிரெய்லரோடு கிளம்பாதே. அதோடு ஆர்வி (தங்கிப் பயணம் செய்யும் டிரெய்லர், மோட்டார்ஹோம் மாதிரி வண்டிகள்) என்று தனியாகச் சேர்த்தால்தான் டிரெய்லர் உள்ளே வரும். அப்படிச் சேர்த்தாலும் பல கிளப்களில் அது நடைமுறைக்கு வரச் சில நாள் ஆகும். பயணத்துக்கு முந்தின நாள் ராத்திரி வாங்குகிற பொருள் இல்லை. இன்னொன்று, அந்த மெம்பர்ஷிப் ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. மாப்பிள்ளை தனியாக டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனால் அவர் பெயரிலும் கார்டு இருக்க வேண்டும்.

குட் சாம், கோச்-நெட் இரண்டும் டிரெய்லர், மோட்டார்ஹோம்காரர்களை மனதில் வைத்தே நடத்துகிறவை. மைல் கணக்கு வைப்பதில்லை. பழுது பார்க்கக்கூடிய மிக அருகிலுள்ள இடம் எத்தனை தூரமானாலும் கொண்டுபோய் விடுவோம் என்பார்கள். "மிக அருகிலுள்ள" என்ற வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. இடத்தை முடிவு செய்வது நீ இல்லை. அங்கே மூன்று வாரம் கழித்துத்தான் பார்ப்போம் என்று சொன்னால் அது உன் பாடு. மைல் அளவுள்ள திட்டத்தில் அந்த எல்லைக்குள் எங்கே வேண்டுமானாலும் போகச் சொல்லலாம், வீட்டு வாசலுக்குக்கூட.

வீட்டைச் சுற்றி நூறு மைலுக்குள்ளேயே சுற்றுகிறவனுக்கு மைல் கணக்கு நல்லது. நீங்களோ நெவாடாவில் யுஎஸ்-50 நெடுஞ்சாலை வழியாகப் போகிறோம் என்கிறீர்கள். ஈலியிலிருந்து யுரேகா 77 மைல், நடுவில் ஊரே கிடையாது. யுரேகாவும் சின்ன ஊர்தான். அந்த ரோட்டில் நூறு மைல் என்பது ஒன்றுமே இல்லை. அதனால் நானாக இருந்தால் ஆர்விக்கென்றே உள்ள திட்டத்தைத்தான் எடுப்பேன். மாப்பிள்ளைக்கு டிரிபிள்-ஏ பிடிக்கும் என்று தெரியும், அவர் அப்பா காலத்திலிருந்து வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும், காருக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இன்ஷூரன்ஸோடு சேர்த்து மலிவாகத் தருகிறார்களே என்றாய். மலிவுதான். டிரக் பாலிசியில் சேர்த்தது டிரெய்லருக்குச் செல்லுமா, இழுவைக்கு டாலர் உச்சவரம்பு உண்டா, ஒவ்வொரு அழைப்பையும் கிளெய்ம் என்று உன் பெயரில் பதிவார்களா, இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கு. நீ முதலில் பணம் கட்டி அப்புறம் பில் அனுப்பித் திரும்ப வாங்குகிற மாதிரித் திட்டமும் இருக்கிறது. நடு ரோட்டில் நிற்கும்போது அது ரொம்பக் கடுப்பு. புது டிரக்கோடு கம்பெனி தருவது வாரன்டி காலம் வரைக்கும் ஓசி, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

காட்டு ரோடு விஷயம் சுருக்கமாக: பராமரிக்கும் ரோட்டை விட்டு உள்ளே போய்ச் சேற்றில் மாட்டினால் பெரும்பாலும் வரமாட்டார்கள். வந்தாலும் ரோட்டிலிருந்து இத்தனை அடிதான் என்று கணக்கு வைத்திருப்பார்கள். மாப்பிள்ளையின் ஓசி கேம்பிங் ஆசைக்காகச் சொல்கிறேன்.

அப்புறம் ஹிட்ச் உருண்டை, அதாவது டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற இரும்பு உருண்டை. இதை எந்தத் திட்டத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். இன்னொரு தடவை மாட்டியபோது என் கார்டில் டிரெய்லரும் இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. டிரக் பிளாட்பெட்டின் மேலே, டிரெய்லரை அதன் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். பிளாட்பெட் டிரைவரிடம் இருந்த உருண்டை 2 அங்குலம். நம் டிரெய்லருக்கு 2 5/16. சின்ன உருண்டையில் உட்காருவது போலத்தான் தெரியும், முதல் பள்ளத்தில் கழன்று தெறித்துவிடும். நல்ல வேளை, டிரக் ஹிட்சில் இருந்த நம்முடையதையே பின்னை உருவிக் கழற்றி அவர் வண்டியில் செருகினோம். ஒன்று கூடுதலாக வாங்கி டிரெய்லரிலேயே போட்டு வையுங்கள். கப்ளர் (உருண்டையின் மேல் உட்காரும் டிரெய்லர் முனை) பூட்டுச் சாவி இன்னொன்று உன் கைப்பையில் இருக்கட்டும், டிரக் சாவிக் கொத்தோடு அது ஷெட்டுக்குப் போய்விடக் கூடாது.

நீங்கள் கூப்பிடப்போவது பெரும்பாலும் டயருக்காகத்தான் இருக்கும். வருகிறவர் ஸ்டெப்னியை மாட்டிவிடுவார், அவ்வளவுதான். ஸ்டெப்னி இல்லை, அல்லது காற்றில்லை என்றால் புது டயர் காசு உங்களுடையது. டயர் பக்கவாட்டில் DOT என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பார். 3519 என்றால் 2019-ல் 35-வது வாரம் செய்தது. டிரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட வெயிலில் கிழடாகித்தான் வெடிக்கும். பட்டன் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆறு வருஷத்துக்கு மேல் ஓட்டாதே. சக்கரத்தை மாற்றின பிறகு 50 மைல் ஓட்டிவிட்டு நட்டை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிப் பார்க்கணும்.

கூப்பிடும்போது அவர்கள் கேட்பது நீளம், உயரம், எடை. இது தெரியாமல் "டிரெய்லர்" என்று மட்டும் சொன்னால் பொருந்தாத வண்டியை அனுப்பிவிட்டு, அது வந்து பார்த்துத் திரும்பிப் போய், இன்னொன்று வர இரண்டு மணி நேரம். அதுவரை நீங்கள் எல்லோரும் ரோட்டோரத் தடுப்புக்கம்பிக்கு (கார்ட்ரெயில்) அந்தப்பக்கம் நிற்கணும். குழந்தையை டிரெய்லருக்குள் உட்காரவைக்காதே. அம்மா உட்கார்ந்தாளே என்று கேட்காதே, அன்றைக்கு எனக்கும் புத்தி இல்லை.

டிரெய்லரின் இடது பக்கம், முன் மூலைக்கு அருகில் வெளியே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், எடையெல்லாம் அதில்தான். அதையும் ஸ்டெப்னியின் அந்த நான்கு எண்ணையும் படம் எடுத்து இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பு. திட்டத்துக்குப் பணம் கட்டுவது அதற்கு அப்புறம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய டார்ச் இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா