பலாலிக்கு ஒரு மணி நேரம்

அன்பு நண்பா,

நலம். உன் நலமறிய ஆவல். மகளின் திருமண அழைப்பிதழ் வந்து சேர்ந்தது; நானும் என் மனைவியும் கட்டாயம் வருகிறோம். "உனக்கென்ன, பக்கத்து ஊர்தானே" என்று நீ ஓரத்தில் எழுதியிருந்த வரியைப் படித்துச் சிரித்துவிட்டு, நிலப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்திய கை சும்மா இருக்குமா?

நீ சொன்னது சரிதான். திருச்சி விமான நிலையத்திலிருந்து உங்கள் யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 183 கிலோமீட்டர். எனக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம்தான் பக்கம். சென்னையிலிருந்து பலாலிக்கு அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அந்தக் கணக்குக்கு அளவுகோலே தேவைப்படவில்லை. இரண்டு நிலையங்களும் 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியே இருப்பதால், அட்சரேகைகளை மட்டும் கழித்தால் போதும்: 3 பாகை 11 நிமிடம், அதாவது 191 கோண நிமிடம். நிமிடத்துக்கு ஒரு கடல் மைல் என்பதால் 191 கடல் மைல், சுமார் 354 கிலோமீட்டர். வகுப்பில் சொல்ல இவ்வளவு எளிய எடுத்துக்காட்டு அன்றைக்குத் தோன்றாமல் போயிற்றே!

ஆனால் தூரம் பாதியானதால் நேரம் பாதியாகவில்லை. 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ தொடங்கிய திருச்சி சேவைக்கு ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள்; சென்னையிலிருந்து வருவோருக்கு அதைவிடக் கால் மணியோ சற்றுக் கூடுதலோதான். இரண்டு வழியிலும் பறப்பது ஏடிஆர் 72 என்னும் விசிறி விமானம். மேலே ஏறியபின் அது மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும் என்பதால், நம் 183 கிலோமீட்டருக்கு 22 நிமிடம் போதும். மிச்ச நேரம் தூரத்தைச் சேர்ந்ததே அல்ல. நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுபடி நிற்கும்வரை எல்லாமே அட்டவணைக் கணக்கில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலேறுவதும், வேகத்தைத் தணித்துச் சுற்றி வந்து இறங்குவதும் குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும் பெரிதாக மாறுவதில்லை. போதாக்குறைக்கு, வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்க் காத்திருக்க வேண்டும்.

2004இல் நான் வந்தது நினைவிருக்கிறதா? கொழும்பில் இறங்கிக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்து, யாழ்ப்பாணம் வரும் ஏ-9 சாலையில் ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் பெட்டியைத் திறந்து காட்டி, உன் வீட்டுப் படியேறியபோது உட்காரக்கூடத் தெம்பில்லை. 2006இலிருந்து இரு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் இப்போது அந்தத் தள்ளிவைப்பும் இல்லை.

மணப்பாறை முறுக்கு எத்தனை பொட்டலம் வேண்டும் என்று உடனே எழுது. சின்ன விமானம், பெட்டியின் எடையைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் திருச்சி நண்பன்