யுனுவு 43

மன்னார்குடி,
ஐப்பசி அடைமழை.

அன்புள்ள மாப்ளே,

"அப்பா கம்ப்யூட்டரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா" என்று எழுதியிருந்தாய். ஒரு எட்டு நாலு எட்டாகிவிட்டது. நாலு தடவை நீடாமங்கலம் போய்வந்தேன். குறுவை நெல்லை ரோட்டில் பாதி அகலத்துக்குக் காயப்போட்டிருக்கிறார்கள். பஸ் ஒதுங்கி ஒதுங்கித்தான் போகிறது. தூறல் விழுந்தால் போதும், அத்தனை பேரும் தார்ப்பாயோடு ஓடிவருகிறார்கள். இங்கே ஹரித்ரா நதித் தெப்பக்குளம் ததும்பி நிற்கிறது.

உங்கப்பாவை இன்னமும் "சார்" என்றுதான் கூப்பிடுகிறேன். கணக்கு வாத்தியாரை வேறு எப்படிக் கூப்பிட?

முதல் நாள் புகார், "நெட் வரலைடா". ரூட்டரை மாற்றிப் பார்த்திருக்கிறார். டவுனில் ஒரு கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது, நாலாயிரம் ஆகும் என்றாராம். நான் போய் உட்கார்ந்து வலது மூலைக் கடிகாரத்தைப் பார்த்தேன். 2012 ஜனவரி 1. அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு இணையதளமும் தன் சான்றிதழைக் காட்டும், அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் 2012-ல் உட்கார்ந்திருந்தால் இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காதவை. பிரவுசர் கதவைத் திறக்காது. நெட் என்னவோ வந்துகொண்டேதான் இருந்தது.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி பேட்டரி இருக்குமே, சிஆர் 2032, அது செத்துவிட்டது. பல வீடுகளில் அது செத்தாலும் தெரியாது. பிளக் மின்சாரத்தில் இருக்கிறவரை கடிகாரம் அதில் ஓடிவிடும். சாருக்கு இடி பயம். ராத்திரி ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். காலையில் கம்ப்யூட்டர் 2012-ல் கண்விழிக்கும். வாட்ச் கடையில் வாங்கிப் போட்டேன், ஐம்பது ரூபாய்கூட இல்லை. பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தை மட்டும் மாற்றச் சொல்லவில்லை. இந்த ஊர் இடிக்கு அவர் செய்வதுதான் சரி.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டேன். ரேமின் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். இப்போது காபி ஆறுவதற்குள் திறந்துவிடுகிறது. விண்டோஸ் 11 கேட்டாய். அந்தப் பெட்டியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, விண்டோஸ் 11 ஒப்புக்கொள்ளாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. சாருக்கு பிரவுசரும் தட்டச்சும் போதும் என்பதால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன். "இதுல சீட்டாட்டம் இருக்கா" என்று அம்மா கேட்டார்கள். இருக்கிறது.

இதெல்லாம் ஒரு மத்தியான வேலை. மிச்ச மூன்று நடையும் ஒரு சிடியால் வந்தது.

2018-ல் கஜா அடித்த ராத்திரி உங்கள் வீட்டு ஓடு பறந்ததும், பரணில் இருந்த சாரின் சாகுபடி நோட்டுகள் ஊறிப்போனதும் உனக்குத் தெரியும். அதற்கு வெகுகாலம் முன்பே அவற்றை ஒரு டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து சிடியில் வாங்கி வைத்திருக்கிறார். இருநூற்றுச் சொச்சம் பக்கம். மேட்டூர் எந்தத் தேதியில் திறந்தார்கள், கடைமடைக்குத் தண்ணீர் என்று வந்தது, எந்த வயலில் என்ன ரகம், நடவுக்கு யார் யார் வந்தார்கள், கூலி எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கிறது. சிடியைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. "வைரஸ் தின்னுடுச்சுடா, விடு" என்றார் சார். அவர் அப்படி "விடு" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

வைரஸ் இல்லை, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்தக் காலத்து எழுத்துருக்கள் தமிழைச் சேமிக்கவே இல்லை மாப்ளே. 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அவற்றின் மேல் த, ம, ி, ழ, புள்ளி என்று வேஷம் போட்டுவிடும், அவ்வளவுதான். புதுக் கம்ப்யூட்டரில் பாமினி இல்லை, வேஷம் கலைந்துவிட்டது. எழுத்துருவை நிறுவினேன், ஒரு நொடியில் அத்தனை பக்கமும் தமிழாக எழுந்து நின்றது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு, "அட" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றினால்தான் தேட முடியும், ஃபோனில் படிக்க முடியும் என்று நான்தான் ஆரம்பித்தேன். இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் மொத்தத்தையும் ஒட்டி மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஃபோன். "யுனுவு 43-னு ஒரு ரகம் எழுதியிருக்குடா. நான் ஆயுசுல அப்படி ஒண்ணு போட்டதில்லையே?"

எனக்கும் புரியவில்லை. பிறகு சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆடுதுறை 43 என்ற நெல் ரகத்தை சார் ஏ.டி.டி. 43 என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில், புள்ளி வைக்காமல் எழுதியிருக்கிறார். மாற்றிக்கு அது ஆங்கிலம் என்று தெரியுமா? ஏ என்றால் யு, டி என்றால் னு, அடுத்த டி என்றால் வு. இதே கணக்கில் சம்பாவுக்குப் போட்ட சி.ஆர். 1009 'ஊசு 1009' ஆகியிருந்தது.

தீர்வு இதுதான். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் உள்ளே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும், அதில் ஒவ்வொரு துண்டு எழுத்தும் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். பழைய டாக் கோப்புகளை டாக்எக்ஸாகச் சேமித்துக்கொண்டு, பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விடும்படி பைத்தான் நிரல்மொழியில் நாற்பது வரி எழுதினேன். ஏ.டி.டி.யும் சி.ஆரும் பிழைத்தன.

அப்புறமும் ஒரு கண்ணி இருந்தது. பாமினியில் ஔகார வாலும் 'ள'வும் ஒரே எழுத்து, ஒரே விசை. அதனால் மாற்றி சில இடத்தில் கௌரியை 'கெளரி' ஆக்கியது, சில இடத்தில் வெள்ளத்தை 'வௌ்ளம்' ஆக்கியது. கண்ணுக்கு அநேகமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சார் 'கௌரி' என்று தேடினால், முப்பது வருஷம் உங்கள் வயலில் நட்ட அந்த அம்மாள் பெயர் மூன்றே இடத்தில் வந்தது. "வருஷா வருஷம் வந்தாளேடா" என்றார். இங்கே நான் போட்ட விதி சின்னது. அந்த 'ள' புள்ளியோ உகரமோ கொம்போ காலோ சுமந்திருந்தால் அது நிஜ ள, வெள்ளமும் கெளுத்தியும் அப்படியே இருக்கட்டும். ஒன்றும் சுமக்காமல் மொட்டையாக இருந்தால் ஔகாரம். இருநூறு பக்கத்தில் இந்த விதி ஏமாந்த இடங்களை ஒரு கைவிரலில் எண்ணிவிட்டேன்.

ஆபீஸில் எத்தனையோ வருஷம் நான் பயந்தது ஓடாத மென்பொருளுக்கு. அது தேவலை மாப்ளே, ஓடவில்லை என்று நம்மிடம் சொல்லிவிடுகிறது. 2012-ஐக் காட்டிய பெட்டி கத்திச் சொன்னது, அரை மணியில் சரியாயிற்று. கௌரியம்மாள் காணாமல் போனதை எந்த எச்சரிக்கைப் பெட்டியும் சொல்லவில்லை. வயலும் ஆளும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்ததால்தான் அகப்பட்டது.

குத்தகைக் கணக்கும் இப்படித்தான். சார் எக்செல்லில் வைத்திருந்தார். புல எண் 112/3, 145/2 எல்லாம் ஒழுங்காக இருந்தன. 12/3 மட்டும் 12-மார்ச், 7/2 வந்து 7-பிப்ரவரி. தேதியாக இருக்கக்கூடிய எதையும் அது தேதியாக்கிவிடும். பிறகு 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் பழைய எண் திரும்பாது, 45728 என்று ஏதோ வரும். அது 1900-லிருந்து எண்ணிய நாள் கணக்கு. முதலிலேயே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அடிக்கவேண்டும், இல்லையென்றால் எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடவேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சாருக்கு ஒரு கதை சொன்னேன். 'மார்ச் 1' என்று ஒரு மனித மரபணு இருந்தது, எக்செல் அதையும் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-ல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அதை 'மார்ச்எஃப் 1' என்று மாற்றிவிட்டது. "புல எண்ணை மாத்த தாசில்தார் ஒத்துக்க மாட்டாரு" என்றார் சார். பட்டாவை வைத்து எல்லா எண்ணையும் அவரே திருத்திவிட்டார்.

சிடியில் இருந்த பாமினி மூலத்தை அழிக்கவில்லை. அதுவும் யூனிகோடுப் பிரதியும் சாரின் பெட்டியில் ஒன்று, பீரோவில் பென் டிரைவில் ஒன்று, மன்னார்குடியில் என்னிடம் ஒன்று. மூன்றும் காவிரித் தண்ணீர் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன, அதனால் நாலாவதை இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்புகிறேன். சேமித்து வைத்துவிட்டு மறந்துவிடாதே. இன்றைக்கே திறந்து, சம்பா பட்டம் எழுதியிருக்கும் பக்கங்களில் சி.ஆர். 1009 இருக்கிறதா, ஊசு 1009 இருக்கிறதா என்று பார்த்து ஒரு வரி எழுது. சார் தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்