துணைக்குப் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா என்று நாங்கள் போய்வந்த கார்ப் பயணத்துக்கு ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் ‘கணவர் ஓட்ட, மனைவி துணைக்குச் சென்றார்’ என்ற வரியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. நிருபர் என் கணவரிடம் நெடுநேரம் பேசினார். என்னிடம் கேட்டது, வழியில் சாம்பார் கிடைத்ததா என்பது மட்டும்தான். (கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைத்தது. அதைச் சரியாகவே எழுதியிருக்கிறார்.)

மலேசியாவிலும் தாய்லாந்திலும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். தாய்லாந்து எல்லை ஊரான நோங்காயில் மீகாங் ஆற்றைக் கடக்கும் நட்புறவுப் பாலம் முடிந்து லாவோஸ் மண்ணில் இறங்கியதும் எல்லாம் வலப்பக்கத்துக்கு மாறிவிடுகிறது. நம் காரின் ஸ்டியரிங்கோ வலப்பக்கம் இருக்கிறது. அதாவது, ஓட்டுபவர் சாலை ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால் எதிரே வருவது எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிவது இடது இருக்கையில் இருப்பவருக்குத்தான்.

லாவோஸ் தலைநகர் வியந்தியானுக்குத் தெற்கே 13-ஆம் எண் நெடுஞ்சாலையில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சேலத்துக்காரியான எனக்கே அவ்வளவு கிழங்கைப் பார்த்து அலுத்துவிட்டது. ஒவ்வொரு லாரியையும் முந்தும் முடிவு என்னுடையது. மாலையில் கோடை மழை பிடித்துக்கொண்டால் கூரைச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் தோளில் ஒரு தட்டுத் தட்டினால் போகலாம், தட்டாவிட்டால் பின்னாலேயே வரவேண்டும் என்று வைத்துக்கொண்டோம். பிற்பகல்களில் நான் ஓட்டுவேன், தட்டுவது அவர் வேலை. அவர் தட்டத் தயங்குவார் என்பதால் நான் ஓட்டிய நேரங்களில் பயணம் மெதுவாகத்தான் போனது. 2020-இல் திறந்த வியந்தியான்–வாங்வியங் விரைவுச்சாலையில் சுங்கச்சாவடி ஜன்னலும் இடப்பக்கம்தான். சில்லறையோடு கை நீட்டுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

காகிதங்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் கூட இல்லை. ‘இளைஞர்களே, நாளைக்கே கிளம்புங்கள்’ என்று முடித்திருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. மணிப்பூரின் மோரே வழியாக மியான்மருக்குள் போன காலம் 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சியோடு போயிற்று. ஆகவே காரைச் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னரில் ஏற்றி மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் இறக்கினோம். அதற்குக் கார்னே என்ற சுங்க ஆவணம் வேண்டும். இந்தியாவில் அதை மும்பையில் உள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் தருகிறது. காரை வெளிநாட்டில் விற்றுவிட்டு வந்துவிட மாட்டோம் என்பதற்கு ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். உள்ளே போகும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது இன்னொன்று. இரண்டாவது விட்டுப்போனால் கார் அந்த நாட்டிலேயே இருப்பதாகக் கணக்கு, கட்டிய பணமும் சிக்கலில் மாட்டும். வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவள் நான், முத்திரை பார்க்காமல் எந்தக் கவுன்ட்டரையும் விட்டு நகர மாட்டேன். சுங்க அதிகாரிகள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது உண்மை.

தாய்லாந்துக்கு இன்னும் முன்கூட்டியே தயாராக வேண்டும். 2016 முதல் நம் வண்டிகளுக்கு அங்குள்ள பயண நிறுவனம் வழியாக முன் அனுமதி பெற வேண்டும். வியட்நாமை நாங்கள் தொடவே இல்லை. வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு அங்கே கெடுபிடி அதிகம். கம்போடியாவிலிருந்து எல்லை ஊரான பாய்பெட் வழியாகத் தாய்லாந்து திரும்பினோம் என்று வரைபடத்தில் அழகாகக் கோடு போட்டிருக்கிறீர்கள். அந்த எல்லை 2025-இல் இரு நாட்டு மோதலின்போது மூடப்பட்டது. அதை நம்பிப் புறப்படுகிறவர் முதலில் அன்றைய நிலவரத்தை விசாரிக்கட்டும்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே தருகிறார்கள், ஓராண்டு செல்லும். இனி ஒரு தம்பதியைப் பேட்டி எடுக்கப் போகும் நிருபர் அது யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேட்கட்டும். இரண்டு பேரிடமும் இருந்தால் கேள்விகளையும் இரண்டு பேரிடமும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை