கண்மாய் வரத்துக்காலைத் திறந்துவிடக் கோரி மனு

அனுப்புநர்:
கண்மாய் ஆயக்கட்டு விவசாயிகள்,
பரமக்குடி வட்டம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: வைகை ஆற்றின் பார்த்திபனூர் மதகணைக்குக் கீழே, எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலின் அடைப்பை விதைப்புக்கு முன் நீக்கித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக நாங்கள் முன்பு கொடுத்த மனுக்களுக்கெல்லாம் "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒரு வரிதான் பதிலாக வந்தது. அதற்குப் பிறகு யாரும் வந்து பார்க்கவில்லை. ஆகவே தங்களிடமே நேரில் வந்து பணிவுடன் கேட்டுக்கொள்வது:

1. எங்கள் ஊர் வைகை வலது கால்வாய்ப் பாசனத்தின் கடைக்கோடியில் இருப்பது தாங்கள் அறிந்ததே. இங்கே போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். கிணற்றுப் பாசனம் கிடையாது. கண்மாய் பெருகினால் நெல் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாயும் எங்கள் கரிசலில் விளைகிறது. அதற்கும் மழையில்லாத காய்ச்சல் காலத்தில் ஒரு முறைத் தண்ணீராவது கண்மாயிலிருந்துதான் போக வேண்டும்.

2. இந்தக் கண்மாய் சேதுபதி சமஸ்தானத்துக் காலத்திலிருந்து இருக்கிறது. மேல் கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் வழியும் அதன் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு, அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு என்று தொடராகக் கட்டி வைத்த பூமி இது. சரிவு மிகக் குறைவு. வாய்க்காலில் ஓரடி மேடு தட்டினாலும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். அது தெரிந்துதான் ஆடி பிறக்குமுன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் வரத்துக்கால் வெட்டினார்கள். போகாத வீட்டுக்கு ஊர்க்கூட்டத்தில் தண்டம் உண்டு. மடை திறந்து முறைவைத்துப் பாய்ச்ச நீர்பாய்ச்சி இருந்தார், அவருக்குக் களத்திலேயே நெல் அளந்தார்கள்.

1948-ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது, ஜமீன் போனது, கண்மாய் அரசுக்கு வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உழுதவனுக்குப் பட்டா கிடைத்ததே அதனால்தான். 1959-ல் வைகை அணை வந்தது. அணைத் தண்ணீரை ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை என்று 7:3:2 கணக்கில் பங்கு வைத்தார்கள். அதிகப் பங்கு நம் மாவட்டத்துக்குத்தான். ஆனால் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் ஒரு துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்ததில், எங்கள் வரத்துக்கால் இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நிற்கிறது.

3. இப்போது அந்த வரத்துக்காலில் மனிதன் நுழைய முடியாது, அவ்வளவு சீமைக் கருவேல். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. ஆட்கள் வந்தார்கள். கரிமூட்டத்துக்கு வேண்டிய கட்டையை மட்டும் வெட்டிக்கொண்டு தூரை விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்கே ஒன்று பத்தாகத் தழைத்துவிட்டது. தூரோடு பிடுங்காமல் வெட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

மரத்தைவிடப் பெரிய கேடு தார்ரோட்டுக் குழாய்ப் பாலம். ரோட்டை உயர்த்தியபோது குழாயை வாய்க்கால் தரைக்கு மேலே பதித்துவிட்டார்கள். மதகணையில் திறந்த தண்ணீர் அந்தப் பாலம் வரை வருகிறது. வந்து முட்டி நிற்கிறது. அப்புறம் பக்கத்துப் புறம்போக்குப் பள்ளத்தில் பரவி வீணாகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. தண்ணீர் வராத வருஷம் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வந்த தண்ணீர் கண்ணெதிரே நிற்கும்போது எப்படி ஐயா பொறுப்பது?

4. எங்களுக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர் வேண்டாம். புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே புழுதி விதைப்பு விதைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் தானாக வந்துவிடும். மார்கழியில் மழை நின்றதும்தான் பயிர் பொதி கட்டும், அதாவது கதிர் உள்ளே உருவாகும். அந்த நேரத்தில் இரண்டு முறைத் தண்ணீர். இரண்டே இரண்டு தண்ணீர் போதும், தை மாதத்தில் நெல் வீட்டுக்கு வந்துவிடும். அது கிடைக்காமல் கதிர் வெளியே தள்ளியும் பால் பிடிக்காமல் சாவியாக, வெறும் பதராகப் போகிறது. விதை, உழவு, உரம், களையெடுப்பு என்று எல்லாச் செலவும் முடிந்த பிறகு சாகிற பயிர் அது. முளைக்காமலே போயிருந்தால் விதையோடு நஷ்டம் முடிந்திருக்கும். போன விளைச்சலில் கண்மாய்ப் பள்ளத்தில் தேங்கிய மழைத் தண்ணீரை ஆயில் என்ஜின் வைத்து இறைத்தோம், டீசலுக்குக் காதுத் தோட்டை அடகு வைத்தார்கள் பெண்கள். பள்ளமும் வற்றியதும் டேங்கரில் விலைக்கு வாங்கி நெல்லுக்கு ஊற்றியவர்கள் உண்டு. நெல்லுக்கு டேங்கர் தண்ணீர், ஐயா! கட்டுப்படியாகுமா? கடைசியில் பாதி வயலில் ஆட்டை மேயவிட்டோம். பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்கிறார்கள். காப்பீட்டுப் பணம் கடனுக்குப் போகும். சாப்பாட்டு நெல்லை யார் தருவார்கள்? நெல் விளைகிற ஊரில் ரேஷன் அரிசியை நம்பி உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியிருப்பது வயதானவர்கள். அவர்களைக் கொண்டு பழையபடி மண்வெட்டியால் வெட்டலாம் என்றால் கருவேலந்தூரை மண்வெட்டி என்ன செய்யும்? நாங்களே வரி போட்டு ஜேசிபி கொண்டுவந்தோம். அனுமதி இல்லாமல் கை வைத்தால் வழக்கு வரும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அனுமதி கேட்டால் அதைக் கொடுக்க வேண்டியது யார் என்று சொல்ல ஆளில்லை.

5. கண்மாயைக் கேட்டால் ஓர் அலுவலகம், வாய்க்காலைக் கேட்டால் இன்னொன்று, பாலத்தைக் கேட்டால் மூன்றாவது. ஒருவர் வந்தால் மற்றவர் வருவதில்லை. தண்ணீருக்கு இந்தத் துறை எல்லையெல்லாம் தெரியாது ஐயா.

6. ஆகவே தாங்கள் தயவுசெய்து மூன்று துறை அலுவலர்களையும் சர்வேயரையும் ஒரே நாளில் அந்தப் பாலத்தடிக்கு வரச் சொல்ல வேண்டும். எப்போது என்று முன்கூட்டிச் சொன்னால் ஊரே வந்து நிற்கும். வாய்க்காலின் பழைய அகலத்தை அளந்து கல் நட வேண்டும், கருவேலை ஜேசிபி வைத்துத் தூரோடு எடுக்க வேண்டும், குழாயை வாய்க்கால் தரைக்கு இறக்க வேண்டும். பணம் இப்போது இல்லையென்றால் குழாயை மட்டுமாவது இறக்கிக் கொடுங்கள். அனுமதிக் கடிதம் கொடுத்தால் மரத்தை எங்கள் செலவில் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். ஆவணிக்குள் செய்தால்தான் புரட்டாசியில் நம்பி விதைக்க முடியும். இந்த மனுவையும் வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவைக்காமல் தாங்களே ஒரு தேதி குறித்துத் தர வேண்டுகிறோம். பழைய மனுக்களின் ரசீது நகல்களும், பாலத்தடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் படமும் இத்துடன் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கண்மாய் ஆயக்கட்டு விவசாயிகள்
(கையொப்பமும் கைநாட்டும் பின்பக்கம்)